போர்தோ சிவப்பு ஒயின்: முதல் பாட்டிலை ருசிக்கும் முறை

நல்ல பிரெஞ்சு சிவப்பு ஒயினை முதன்முதலாக ருசித்துப் பார்க்க ஆசைப்படுபவர், பணம் எட்டுகிற வரை பெரிய பெயராகப் பார்ப்பார். அதிலும் கடைக்கு வந்த புதிய விளைச்சல் ஆண்டாகப் பார்த்து வாங்கிவிடுவார். இரண்டும் சேர்ந்தால் அந்த மாலை வீண். பெரிய பெயர் கொண்ட போர்தோ ஒயின் இளமையில் வாயை இறுக்கிப் பிடிக்கும், மணத்தை வெளியே விடாது. “இதற்கா இவ்வளவு பணம்?” என்ற கேள்வியோடு பாட்டில் பாதியில் நின்றுவிடும். புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெயரில் இறங்கி வாருங்கள், வயதில் ஏறிப் போங்கள்.

பிரான்சில் சிவப்பு ஒயினுக்குப் பேர்போன இடங்கள் பல. பூர்கோன் இருக்கிறது, ரோன் இருக்கிறது, லுவார் இருக்கிறது. இங்கே நான் போர்தோவை, அதிலும் மெதோக் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். துவர்ப்பு, புளிப்பு, மரவாசனை, வயது எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் தெளிவாகக் காட்டுவதால் பழகத் தொடங்குவதற்கு அதுவே ஏற்றது என்பது என் எண்ணம். பூர்கோன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்; வரட்டும்.

எதை வாங்குவது

கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் போர்தோ நகருக்கு வடக்கே கலந்து, ஜிரோந்த் என்ற அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக் கடலில் சேர்கின்றன. அந்தக் கழிமுகத்தின் இடது கரையில் நீளும் நிலம் மெதோக். அதன் நல்ல தோட்டங்களில் மண்ணைவிடக் கூழாங்கல்தான் அதிகம் கண்ணில் படும். கல் பகலில் சூடேறும், மழைநீரைத் தங்கவிடாது. தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவினியோன் திராட்சைக்கு இரண்டும் தேவை. வலது கரையில், சேன் எமிலியோன், பொமரோல் பக்கம், களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் மிகுதி. அங்கே சீக்கிரம் பழுக்கும் மெர்லோ முன்னே நிற்கிறது. இரண்டு கரையிலும் ஒற்றைத் திராட்சையில் ஒயின் செய்வது அபூர்வம். கபர்னே, மெர்லோ, கபர்னே ஃப்ரான், கொஞ்சம் பெத்தி வெர்தோ என்று கலப்பதே வழக்கம். ஒன்று பழுக்காத ஆண்டில் இன்னொன்று கைகொடுக்கும்.

மெதோக் ஒயின் என்றதும் எல்லோரும் 1855-ஆம் ஆண்டின் தரவரிசையைச் சொல்வார்கள். அந்த ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் விருப்பப்படி, போர்தோவின் ஒயின் தரகர்கள் தோட்டங்களை ஐந்து தரங்களாகப் பிரித்தார்கள். யாரும் உட்கார்ந்து ருசித்து மதிப்பெண் போடவில்லை. பல ஆண்டுகளாக எந்தத் தோட்டம் என்ன விலைக்குப் போனது என்பதே அளவுகோல். அன்று முதல் தரத்தில் இடம்பெற்றவை லாஃபித், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு. இரண்டாம் தரத்தில் இருந்த முத்தோன் ரோத்ஷில்ட் 1973-இல்தான் மேலே ஏறியது. அந்த ஆணையில் கையெழுத்திட்ட விவசாய அமைச்சர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ழாக் ஷிராக். இந்த ஐந்தும் இன்று ஒரு பாட்டில் பல நூறு யூரோ. முதல் பாட்டிலுக்கு இவற்றின் பக்கமே போக வேண்டாம்.

நீங்கள் தேட வேண்டியது ‘குரூ பூர்ஷ்வா’ என்று லேபிளில் அச்சிட்ட மெதோக் அல்லது அதன் தென்பகுதியான ஓ-மெதோக். 1855 பட்டியலுக்கு வெளியே நிற்கும் தோட்டங்களுக்கான பிரிவு இது. பிரான்சில் 20 யூரோவை ஒட்டி நல்லதே கிடைக்கும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் மூலிஸ் என்ற சிறிய ஊரின் ஒயினைப் பாருங்கள். போயாக், மார்கோ போன்ற பெரிய ஊர்களின் நிழலில் இருப்பதால் அதன் விலை இன்னும் தலைக்கு ஏறவில்லை. வயது பத்து, பதினைந்தை ஒட்டி இருக்கட்டும். 2009 வெயில் ஆண்டு. பழச்சுவை தாராளம், துவர்ப்பு மென்மை, புதியவருக்கு எளிது. 2010 இறுக்கமான ஆண்டு, பொறுமை கேட்கும். 2014 நடுத்தரமாகத் தொடங்கி நல்ல இலையுதிர்காலத்தால் தப்பிய ஆண்டு, விலையும் நியாயம். 2013 மழையில் நனைந்தது, விட்டுவிடுங்கள்.

லேபிளில் வேறு என்ன பார்ப்பது? ‘மீஸ் ஆன் புத்தேய் ஓ ஷாத்தோ’ என்ற பிரெஞ்சு வரி இருந்தால், தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள். முன்பெல்லாம் ஒயின் பீப்பாயோடு போர்தோ வணிகர்களிடம் போய்விடும், அடைப்பது அவர்கள் வேலை. 1924 விளைச்சலை முழுவதும் தோட்டத்திலேயே அடைப்பது என்று முத்தோன் தோட்டத்தை நடத்திய பிலிப் த ரோத்ஷில்ட் முடிவெடுத்த பிறகுதான் அந்தப் பழக்கம் மெல்ல மாறியது. ஊர்ப் பெயருக்கு இருபுறமும் ‘அப்பெலாசியோன்’, ‘கோன்த்ரோலே’ என்ற சொற்கள் இருந்தால், திராட்சை அந்த எல்லைக்குள் விளைந்தது என்பதற்கு 1935-இல் தொடங்கிய சட்டத்தின் உத்தரவாதம் உண்டு. தங்க எழுத்தும் கோட்டைப் படமும் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

வெப்ப நாட்டில் வாங்குபவருக்கு ஒரு கூடுதல் சோதனை. பாட்டிலின் மேல்மூடியைத் தடவிப் பாருங்கள். உள்ளே தக்கை மேலே தள்ளி நின்றால், அல்லது மூடியின் ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒயின் கசிந்து காய்ந்திருந்தால், அந்தப் பாட்டில் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முந்தின நாளும் அன்றைய மாலையும்

படுக்க வைத்திருந்த பாட்டிலை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். வயதான ஒயினில் நிறமும், துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருளும் சேர்ந்து வண்டலாகப் படியும். அது அடியில் இறங்க நேரம் வேண்டும்.

அடுத்தது வெப்பநிலை. எல்லாரும் தவறுவது இங்கேதான். “சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு” என்ற பழைய விதி, வீடு முழுவதும் சூடாக்கும் வசதி வராத காலத்து ஐரோப்பிய அறைகளை மனத்தில் வைத்துச் சொன்னது. வேண்டியது 16 முதல் 18 டிகிரி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ அறையில் வைத்த ஒயின் 30 டிகிரியில் இருக்கும். ஆல்கஹால் மூக்கில் எரியும், பழம் கூழாகத் தெரியும். அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வையுங்கள். கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்தாலும் கவலை இல்லை, கிளாஸில் தானே ஏறும். ஆனால் மிகக் குளிர்ந்த ஒயினில் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் முரடாக நிற்கும்.

கிளாஸ் மெல்லியதாக, வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்க வேண்டும். வேலைப்பாடும் வண்ணமும் வேண்டாம். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மரவாசனையும் பழைய சோப்பு வாசனையும் தங்கியிருக்கும். வெறும் வெந்நீரில் அலசி, காற்றில் உலர விடுங்கள். அன்று மாலை அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகைச் சரம், வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். பக்கத்து அடுக்களையில் தாளிப்பும் வேண்டாம்.

ஒரு பாட்டில் 750 மில்லி, ஆல்கஹால் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நான்கு பேர் இருந்தால் சரியான அளவு. மேசையில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள். தொழில்முறையாக ருசிப்பவர்கள் எல்லாரும் துப்புகிறார்கள், போர்தோவில் அது மரியாதைக் குறைவே அல்ல. வண்டி ஓட்ட வேண்டியவர் துப்பினாலும் ஓட்ட வேண்டாம். வாயிலேயே கொஞ்சம் ஏறும்.

திறப்பது, ஊற்றுவது

தக்கையை மெதுவாக இழுங்கள். நல்ல மெதோக் தோட்டங்களின் தக்கை ஏறக்குறைய 5 செ.மீ. நீளம் இருக்கும், அதன் மேல் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிமுனை மட்டும் சிவந்திருந்தால் நல்லது; பக்கவாட்டில் மேல்வரை ஒயின் ஏறியிருந்தால் காற்று உள்ளே போயிருக்கலாம். தக்கையை முகர்ந்து பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதைச் சடங்காகச் செய்பவர்களை மன்னித்துவிடுங்கள்.

டிகேன்டரில், அதாவது ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவையில், மாற்றுவதா வேண்டாமா? இளம் ஒயினாக இருந்தால் காற்றுப் படுவதற்காக இரண்டு மணி நேரம் முன்பே மாற்றலாம். இருபது வயதைத் தாண்டியதென்றால் வண்டலைப் பிரிப்பதற்காக மட்டும், குடிக்கும் நேரத்தில். பத்து, பதினைந்து வயது ஒயினுக்கு அரை மணி நேரம் போதும்.

மாற்றும் முறை இது. மேசையில் ஒரு மெழுகுவத்தியோ சிறிய விளக்கோ ஏற்றி, பாட்டிலின் கழுத்து அந்த வெளிச்சத்துக்கு நேர் மேலே வரும்படி பிடியுங்கள். டிகேன்டரின் உட்சுவரில் வழியும்படி, நிறுத்தாமல், ஒரே சீராக ஊற்றுங்கள். முதலில் கழுத்து வழியே தெளிந்த சிவப்பு மட்டும் ஓடும். முக்கால் பாட்டில் போனதும் பார்வையைக் கழுத்தை விட்டு எடுக்காதீர்கள். போர்தோ பாட்டிலின் தூக்கிய தோளில் வண்டல் சற்றுத் தங்கும். பிறகு புகைக் கீற்றுப் போல ஒரு கருமை தோளிலிருந்து கழுத்துக்குள் நழுவும். அந்தக் கணத்தில் கையை நிமிர்த்துங்கள். பாட்டிலில் மிஞ்சுவது இரண்டு விரல் உயரம். அதைச் சமையலில் ஊற்றலாம்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். மிச்ச இடம் மணத்துக்கு.

கண்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்து, ஒயினின் ஓரத்தைப் பாருங்கள். ஊதா கலந்த சிவப்பு இளமை. செங்கல் நிறமும் ஆரஞ்சும் வயது. உள்சுவரில் இறங்கும் தாரைகளைக் காட்டி “தரமான ஒயின்” என்று சொல்பவர் உங்கள் வட்டத்திலும் ஒருவர் இருப்பார். ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் பரப்பு இழுவிசை மாறி உண்டாகும் தாரை அது. ஜேம்ஸ் தாம்சன் என்ற பொறியாளர் இதை விளக்கியதும் அதே 1855-இல்தான். தாரையிலிருந்து தரம் தெரியாது.

கண் ஏமாற்றும் என்பதற்குப் போர்தோவிலேயே சான்று இருக்கிறது. 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அங்கே ஒயின் படிப்பு படித்த மாணவர்கள் 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினை அப்படியேயும், வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்தும் கொடுத்தார்கள். சாயம் போட்டதை அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே வருணித்தார்கள். ஒயின் படித்தவர்களுக்கே இப்படியென்றால், விலையும் பெயரும் முன்கூட்டியே தெரிந்த நமக்கு எப்படி இருக்கும்? நண்பர்களை அழைத்திருந்தால் பாட்டிலுக்குக் காகிதம் சுற்றிவிடுங்கள்.

மூக்கு

முதலில் சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள். இப்போது நீங்கள் தேடுவது குறை மட்டும். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த ஈர நிலவறை வாசனை வந்தால் அது தக்கை நோய். டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் வேதிப்பொருள், ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மணத்தைக் கொன்றுவிடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரியாகாது. காடி வாசனையோ நகப்பூச்சு வாசனையோ தூக்கலாக இருந்தாலும் பாட்டில் கெட்டதே. உணவகத்தில் பரிமாறுபவர் முதலில் கொஞ்சம் ஊற்றிக் காத்திருப்பது இந்தச் சோதனைக்காகத்தான். பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கெட்டிருக்கிறதா என்று கேட்கிறார்.

பிறகு கிளாஸின் அடியை மேசையில் வைத்தபடியே இரண்டு மூன்று முறை சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மெதுவாக இழுங்கள். மெதோக் ஒயினுக்கு என்று சில மணங்கள் உண்டு. கருந்திராட்சை என்று பெயர் வைத்தாலும் திராட்சை இனம் அல்லாத காசிஸ் என்ற கரும்பழம் முதலாவது. நம்மில் பலர் அதைத் தின்றதே இல்லை. நாவல்பழம் என்று தோன்றினால் நாவல்பழம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், பிரெஞ்சுக்காரர் நாக்கைக் கடன் வாங்க வேண்டாம். இரண்டாவது, பென்சில் சீவும்போது எழும் மரமும் கரியும் கலந்த மணம். போயாக் ஒயினின் அடையாளம் அது. 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஓர் ஆண்டுக்கு மேல் கிடந்ததால் வெனிலா, கிராம்பு, வறுத்த காப்பி வாசனையும் வரும். பத்து வயதுக்கு மேல் பழம் பின்வாங்கி, புகையிலை, தோல், காளான், மழைக்குப் பின் காட்டுத் தரை என்று நகரும். சில பாட்டில்களில் பச்சைக் குடைமிளகாய் எட்டிப் பார்க்கும். அது கபர்னே முழுதாகப் பழுக்காததன் தடயம். அதைக் குறை என்று ஒதுக்குபவர் பலர்; அளவோடு இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

ஒன்றுமே தெரியவில்லையா? பழம், மரம், மண் மூன்றில் எது முன்னே நிற்கிறது என்று மட்டும் முடிவுசெய்யுங்கள். பன்னிரண்டு பழங்களின் பெயரை ஒப்பிக்கும் பேச்சுக்கு மதிப்பு அதிகம் கொடுக்காதீர்கள். நல்ல ஒயினையும் சாதாரண ஒயினையும் பிரித்துக் காட்டும் இடம் வாய்தான்.

வாய்

இரண்டு தேக்கரண்டி அளவு உறிஞ்சி, உடனே விழுங்காமல், வாய் முழுவதும் உருட்டுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், வெட்கப்பட வேண்டாம். அந்தக் காற்று மணத்தைத் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏற்றுகிறது. பத்து நொடி வைத்திருந்து, கவனத்தை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள்.

முதலில் புளிப்பு. விழுங்கிய பின் கன்னத்தின் உட்புறம் எச்சில் ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது. அது இல்லாத ஒயின் ஜாம்.

அடுத்தது துவர்ப்பு; மெதோக்கின் முதுகெலும்பு. தோலிலும் விதையிலும் ஓக் மரத்திலும் இருந்து வரும் டானின், எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் வழவழப்பை எடுத்துவிடுகிறது. பச்சைப் பாக்கை மென்றவருக்கு இந்த இறுக்கம் புதிதல்ல. துவர்ப்பு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், எப்படிப்பட்டது என்று கேளுங்கள். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் நாக்கை ஓட்டிப் பாருங்கள். மணல் தாளாக உரசுகிறதா, மாவாக நயமாக இருக்கிறதா? மலிவான ஒயினில் துவர்ப்பு ஓரிடத்தில் குத்தும், கூடவே கசப்பும் வரும். நல்ல ஒயினில் அது நிறையவே இருந்தாலும் வாய் முழுவதும் சீராகப் பரவி, பழத்தைத் தாங்கி நிற்கும். வயது ஏற ஏற டானின் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாக இறங்கி, இறுக்கம் தளர்கிறது. வயதான பாட்டிலை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். துவர்ப்பு ஒவ்வொரு மடக்கிலும் கூடிக்கொண்டே போகும் என்பதால், முதல் மடக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இடையிடையே உப்பில்லாத ரொட்டித் துண்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாக்கு நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் பார்த்த நாக்குப் படத்தை மறந்துவிடுங்கள். எல்லாச் சுவையும் நாக்கு முழுவதும் தெரியும்.

கடைசியாக நீளம். விழுங்கியதும், அல்லது துப்பியதும், மனத்துக்குள் நொடிகளை எண்ணுங்கள். வெறும் எரிச்சலையும் துவர்ப்பையும் கணக்கில் சேர்க்காமல், பழமும் மணமும் எத்தனை நொடி தங்குகின்றன என்று பாருங்கள். ஒரு நொடிக்கு ஒரு கோதலி என்பது பிரெஞ்சு ருசியாளர் கணக்கு. நாலைந்தில் மறைந்தால் சாதாரணம். பத்தைத் தாண்டினால் கையில் நல்ல பாட்டில். எனக்கு இந்த ஒன்று தெரிந்தால் போதும். மற்ற வருணனையெல்லாம் பிறகு.

காத்திருப்பதும் சாப்பிடுவதும்

முதல் கிளாஸை அவசரமாக முடிக்காதீர்கள். கால் மணிக்கு ஒரு முறை முகர்ந்து, ஒரு மடக்கு எடுத்து, ஒரு வரி எழுதுங்கள். திறந்தவுடன் மரவாசனை மட்டும் காட்டிய ஒயின் முக்கால் மணியில் பழத்தைக் கொண்டுவரும். சில வயதான பாட்டில்கள் மாறாகத் திறந்ததும் மலர்ந்து ஒரு மணியில் தளர்ந்துவிடும். மதிப்பெண் போடும் பழக்கம் வேண்டாம். நேரத்தையும் மாற்றத்தையும் குறித்தால் அடுத்த பாட்டிலோடு ஒப்பிட உதவும்.

சாப்பாடு இரண்டாவது கிளாஸோடு. போயாக் ஊரில் பால்குடி மாறாத செம்மறிக் குட்டியின் இறைச்சியைச் சுட்டு இந்த ஒயினோடு சாப்பிடுகிறார்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினை ஈர்த்துக்கொள்வதால், அதே ஒயின் சட்டென்று மென்மையாகும். ஒரு மடக்கு, ஒரு துண்டு, மறுபடி ஒரு மடக்கு என்று எடுத்தால் யாருக்கும் விளங்கும். நம் வீட்டுச் சமையலில் ஆட்டிறைச்சியை உப்பும் பூண்டும் கொஞ்சம் மிளகும் மட்டும் போட்டு வறுத்தால் பொருந்தும். மிளகாய் வேண்டவே வேண்டாம். காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும், துவர்ப்பும் முரடாகும். செட்டிநாட்டுக் கோழியும் மெதோக்கும் சேர்ந்தால் இரண்டும் கெடும். இறைச்சி சாப்பிடாதவர்கள் கெட்டியான பழைய பாலாடைக்கட்டியோ வெண்ணெயில் வதக்கிய காளானோ வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சியதைத் தக்கையால் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் மாலை வெளியே எடுத்து, குளிர் சற்றுத் தணிந்ததும் அதே வரிசையில் ருசித்து, முந்தின நாள் குறிப்போடு ஒப்பிடுங்கள். மூன்றாம் நாளைக்கு மேல் சமையலுக்குத்தான்.

அடுத்த முறை இரண்டு பாட்டில் வாங்கலாம். அதே ஆண்டு, ஏறக்குறைய அதே விலை, ஒன்று இடது கரையின் ஓ-மெதோக், இன்னொன்று வலது கரையின் சேன் எமிலியோன். இரண்டுக்கும் காகிதம் சுற்றி, யாராவது ஒருவரை மறைவாக ஊற்றச் சொல்லி, எது கபர்னே எது மெர்லோ என்று துவர்ப்பை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கப் பாருங்கள். ஈறு இறுகினால் இடது கரை என்று சொல்லலாம். ஆண்டையும் தோட்டத்தையும் பொறுத்து இந்தக் கணக்கும் சில நேரம் பொய்க்கும்.